டர்போ வாயில் எண்ணெய் கசிந்தால்...

வண்டி சொல்லும் சேதி – 14

சென்ற வாரம் டீசல் ஃபில்டரில் தேங்கும் தண்ணீரைப் பார்த்தோம். இந்த வாரம் காற்று வரும் வழி.

கொல்லிமலையில் மிளகும் காபியும் போட்டிருக்கும் பெரியவர் ஒருவர் தன் டீசல் ஜீப்பைக் கொண்டுவந்தார். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி. பத்து வருஷமாக அந்த 70 கொண்டை ஊசி வளைவுகளையும் தோட்டத்து மண் பாதைகளையும் தாண்டி மூட்டை இறக்கிய வண்டி.

“ராத்திரி நிறுத்தினா காலையில அடியில ஒரு சொட்டு எண்ணெய் கிடக்குது தம்பி. ஒரு பட்டறையில காட்டினேன். டர்போ போயிருச்சு, புதுசு போடணும்னுட்டாங்க” என்றார்.

“வண்டி இழுக்குதுங்களா? புகை தள்ளுதுங்களா?”

“இழுவையில குறையில்லை. புகையும் இல்லை.”

டர்போ உண்மையிலேயே போயிருந்தால் வண்டி மலையேறத் திணறும், நீலப் புகை தள்ளும், எஞ்சின் ஆயில் வேகமாகக் குறையும். இந்த வண்டியில் மூன்றுமே இல்லை. பானட்டைத் திறந்தேன். ஏர் ஃபில்டர் பெட்டியிலிருந்து வரும் ரப்பர் ஹோஸ் டர்போவின் வாயில் சேரும் இடத்தில், கிளிப்புக்குக் கீழே, கறுப்பாக ஈரம். அதன்மேல் மண் ஒட்டிக் களிம்பாகக் கிடந்தது.

டர்போ என்ன செய்கிறது என்று தெரிந்தால் இந்த ஈரமும் புரிந்துவிடும். எஞ்சினிலிருந்து வெளியேறும் சூடான புகை ஒரு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை இழுத்து, அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளுகிறது. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃப்ரட் பூஹி 1905-இல் காப்புரிமை பெற்ற யோசனை இது. அந்தத் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும். அதைத் தாங்குவது எஞ்சின் ஆயிலின் மெல்லிய படலம். ஆயில் மேலிருந்து அழுத்தத்தோடு வந்து, கீழ்க் குழாய் வழியே தானாக வடிந்து எஞ்சினுக்குத் திரும்புகிறது. அந்தச் சூட்டுக்கு ரப்பர் சீல் நிற்காது என்பதால் பிஸ்டன் ரிங் போன்ற சிறிய உலோக வளையங்களைத்தான் வைத்திருக்கிறார்கள். அவை தேய்ந்தாலோ, வடியும் குழாய் அடைத்தாலோ ஆயில் காற்றுப் பக்கம் வந்துவிடும். அப்போது டர்போவைச் சந்தேகிப்பது நியாயம்தான்.

ஆனால் அங்கே எண்ணெய் வர இன்னொரு வழி இருக்கிறது. பிஸ்டனைத் தாண்டிக் கீழே இறங்கும் புகை, ஆயில் ஆவியோடு கலந்து எஞ்சினுக்குள் நிறைகிறது. அது வெளியேறும் வழிதான் பிரீதர். பழைய வண்டிகளில் அந்தக் குழாயை ரோட்டைப் பார்த்துத் தொங்கவிட்டிருப்பார்கள். புகைக் கட்டுப்பாடு வந்த பிறகு, டர்போவுக்குச் சற்று முன்னால் காற்றுக் குழாயிலேயே அதைச் சேர்த்துவிட்டார்கள். எனவே நல்ல வண்டியிலும் டர்போ வாயின் உட்புறம் கொஞ்சம் எண்ணெய்ப் பூச்சு இருக்கும். விரலில் ஒட்டுமளவு இருப்பது இயல்பு. வழிந்து சொட்டினால்தான் கவனிக்க வேண்டும்.

எஞ்சின் ஆறிய பிறகு ஹோஸைக் கழற்றினேன். டர்போ சக்கரத்தின் நடுவில் இருக்கும் நட்டை இரண்டு விரலால் பிடித்து மேலும் கீழும் அசைத்தேன். மயிரிழை ஆட்டம். அங்கே எண்ணெய்ப் படலத்துக்கு இடம் வேண்டும் என்பதால் அது இருக்கத்தான் வேண்டும். முன்னும் பின்னும் இழுத்தேன். கைக்குத் தெரியும் ஆட்டம் எதுவும் இல்லை. சுழற்றினால் எங்கும் உரசாமல் சுற்றியது. டர்போ நன்றாக இருந்தது.

பிறகு கேஜை உருவிப் பார்த்தேன். ஆயில் மேல் கோட்டுக்கும் மேலே விரற்கடை அளவு நின்றது. சொட்டுவதைப் பார்த்துப் பயந்து பெரியவரே ஊற்றிவந்திருக்கிறார். ஆயில் கூடினால் ஆவியும் கூடும். ஏர் ஃபில்டரைத் தட்டினால் செம்மண் கொட்டியது. ஃபில்டர் அடைத்தால் டர்போ மூச்சுக்குத் திணறி, பிரீதரிலிருந்து ஆயில் ஆவியை இன்னும் பலமாக இழுக்கும். ஹோஸோ பத்து வருஷச் சூட்டில் கல்லாக இறுகிவிட்டது. கிளிப்பை எவ்வளவு முறுக்கினாலும் பிடிக்காது. ஓடும்போது உள்ளே இழுக்கப்படும் எண்ணெய், வண்டி நின்ற பிறகு அந்த இடுக்கு வழியே சொட்டியிருக்கிறது.

ஒரு சொட்டு எண்ணெயால் வண்டி கெட்டுவிடாது. ஆனால் எண்ணெய் வெளியே வரும் அதே இடுக்கு வழியாக, வண்டி ஓடும்போது மண் உள்ளே போகிறது. அந்த இடம் ஃபில்டரைத் தாண்டி இருக்கிறது, தடுக்க எதுவும் கிடையாது. அந்த மண் முதலில் டர்போவின் இதழ்களை அரிக்கும், பிறகு சிலிண்டரையும் பிஸ்டன் ரிங்கையும் தேய்க்கும். இப்படியே விட்டிருந்தால், இன்று நன்றாக இருக்கும் டர்போ நிஜமாகவே போயிருக்கும்.

செய்த வேலை எளிமையானது. கூடுதல் ஆயிலை வடித்து இரண்டு கோட்டுக்கும் நடுவே நிறுத்தினோம். பிரீதர் குழாயைக் கழுவிக் காயவைத்தோம். புது ஃபில்டர், புது ஹோஸ், புது கிளிப் போட்டோம். டர்போ வாயைப் பிசிறு உதிராத துணியால் துடைத்தோம். டர்போ தள்ளும் காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலரைக் கழற்றி, உள்ளே தேங்கிய எண்ணெயையும் கவிழ்த்து வடித்தோம்.

இன்டர்கூலரை விட்டுவிடக் கூடாது. அதில் எண்ணெய் நிறையத் தேங்கினால், ஆக்சிலேட்டரை அழுத்தும்போது எஞ்சின் அதையே எரிபொருளாக இழுத்துக்கொண்டு தறிகெட்டு ஓடும். சாவியை அணைத்தாலும் நிற்காது. அப்படி நேர்ந்தால், கியர் மாற்றும் வண்டியில் டாப் கியர் போட்டு, பிரேக்கை முழுக்க மிதித்துக்கொண்டு கிளட்சை விட்டு எஞ்சினை நிறுத்த வேண்டும். காற்று வாயைக் கையால் பொத்தப் போகாதீர்கள். பெட்ரோல் ஊற்றி இன்டர்கூலரைக் கழுவினால், ஈரம் முழுக்க உலராமல் மாட்டக் கூடாது.

கடைசியாக, துடைத்த இணைப்பைச் சுற்றி முகப் பவுடரைத் தூவினேன். எண்ணெய் எங்கே கசிந்தாலும் பவுடர் அந்த இடத்தில் கறுத்துக் காட்டிக்கொடுக்கும். பெரியவர் மலையேறி இறங்கி இரண்டு நாள் கழித்து வந்தார். பானட்டைத் திறந்தோம். பவுடர் வெள்ளையாகவே இருந்தது.

உங்கள் வண்டிக்கும் டர்போ மாற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள். ஆயில் கேஜ், ஏர் ஃபில்டர், பிரீதர் குழாய், ஹோஸ் நான்கையும் உங்கள் கண்முன் பார்க்கச் சொல்லுங்கள். டர்போ தண்டின் ஆட்டத்தை உங்கள் கையாலேயே தொட்டுப் பாருங்கள். துடைத்துவிட்டு இரண்டு நாள் ஓட்டிப் பார்த்த பிறகு முடிவெடுங்கள்.

(தொடரும்)