மன்னிப்பு கேட்க ஒரு ரப்பர் ஸ்டாம்ப்

இன்னைக்கு வாழ்த்து அட்டை செய்யறது பத்திப் பேசலாம். பிறந்தநாள் அட்டை இல்லை, மன்னிப்பு அட்டை.

செஞ்சி பக்கத்துல இருக்கிற மேல்சித்தாமூர்லதான் தமிழ்ச் சமணர்களின் தலைமை மடம் இருக்கு. திகம்பரச் சமணர்கள் 10 நாள் தசலட்சண பர்வம் முடிஞ்சதும், க்ஷமாவாணி அன்னைக்கு ஒருத்தர்கிட்ட ஒருத்தர் மன்னிப்பு கேட்பாங்க. இதுக்கு அட்டை அனுப்பற வழக்கமும் உண்டு. வாட்ஸ்அப்ல ஒரே மெசேஜை எல்லாருக்கும் தட்டிவிட்டா, யார்கிட்ட எதுக்குக் கேட்கிறோம்னே தெரியாது.

தேவையானவை: பென்சில் அழிக்கிற பெரிய ரப்பர், கட்டர் பிளேடு, ஸ்டாம்ப் பேட், கெட்டியான காகிதம். ‘மன்னிக்கவும்’னு பட்டர் பேப்பர்ல பென்சிலால் எழுதுங்க. அதை ரப்பர் மேல கவிழ்த்துத் தேய்ச்சா எழுத்து தலைகீழா, கண்ணாடியில தெரியற மாதிரி பதியும். அச்சடிக்கும்போது நேராகிடும். எழுத்தைச் சுத்தி இருக்கிறதை மட்டும் செதுக்கி எடுங்க. ‘ன்’ சுழி உடையும், அதனால எழுத்தைப் பெருசா எழுதுங்க.

புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்துல பருத்தித் துணிக் கழிவுல செய்யற கைக்காகிதம் இதுக்கு நல்லா இருக்கும். ஆனா அந்த மாதிரி காகிதம் மையை உறிஞ்சும். ஸ்டாம்ப்பை பேட்ல அழுத்தாம, லேசாத் தட்டி எடுங்க. மடிக்கிற இடத்துல ஸ்கேல் வச்சு, மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால கோடு இழுத்தா மடிப்பு பிசிறில்லாம வரும்.

வெளியே ஸ்டாம்ப் எல்லா அட்டைக்கும் ஒண்ணுதான். உள்ளே, எதுக்காக மன்னிப்புன்னு ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா பேனாவால எழுதுங்க.