காத்து வாங்கப்போன கேம்ஸ் கார்டு!

‘இந்த கிராஃபிக்ஸ் கார்டுக்குக் கொட்டின காசுல நாலு புக் வாங்கியிருக்கலாம்’னு வீட்டில் அர்ச்சனை வாங்காத பசங்க யாராவது உண்டா? அடுத்த தடவை திட்டு விழும்போது, 2004-ல் நியூயார்க்கில் நடந்த இந்த மேட்டரை எடுத்து விடுங்க!

டைம்ஸ் ஸ்கொயர்... எந்நேரமும் ஜனம் அலைமோதுற இடம். அங்கே யாராவது விஷவாயுவைத் திறந்துவிட்டால்? இரட்டைக் கோபுரத் தாக்குதல் நடந்து மூணே வருஷம் ஆன ஊருக்கு இது சினிமாக் கற்பனை இல்லை, நிஜ பயம். காற்று நேர்க்கோட்டில் வீசினால் பிரச்னையே கிடையாது. ஆனால், அது பில்டிங்கில் மோதும், சந்துக்குள் நுழையும், சுவரோரம் சுழலும். எந்தத் தெருவில் நிற்கிறவர் எந்தப் பக்கம் ஓடணும்? இதைக் கணக்குப் போட்டுச் சொல்லணும். அதுவும் புகை வந்து சேர்றதுக்கு முன்னாடி சொல்லணும்!

அதே நியூயார்க் மாகாணத்தின் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தில், ஆரி காஃப்மன் டீம் கையில் எடுத்தது இந்தக் கணக்கைத்தான். சுமார் 850 கட்டடங்களோடு அந்த ஏரியாவை கம்ப்யூட்டருக்குள் கட்டினாங்க. கணக்குப் போடும் முறைக்குப் பெயர் ‘லாட்டிஸ் போல்ட்ஸ்மன்’. பேரைக் கேட்டு மிரளாதீங்க. நம்ம வாசல் புள்ளிக் கோலத்தை ஆகாசம் வரைக்கும் அடுக்கினதா நினைச்சுக்கோங்க. ஒவ்வொரு புள்ளியிலும் 19 எண்கள். ‘என்கிட்டேருந்து இந்தத் திசைக்கு இவ்வளவு காற்று கிளம்புது’னு 18 திசைக்கும் ஆளுக்கு ஒண்ணு, சும்மா நிற்கிற காற்றுக்கு ஒண்ணு. ஒவ்வொரு ஸ்டெப்பிலும் புள்ளிக்கு வந்த காற்று மோதிக் கலையும். பிறகு பக்கத்துப் புள்ளிக்கு நகரும். அவ்வளவுதான் ரூல்! எட்டத்துப் புள்ளி பற்றிக் கவலையே இல்லை. நேவியர்-ஸ்டோக்ஸ் சமன்பாட்டில் கோட்டை விட்டவர்களுக்கு (அடியேனும் அந்த லிஸ்ட்தான்!) இது வரப்பிரசாதம்.

சிக்கல், புள்ளிகளின் எண்ணிக்கை. 480 x 400 x 80... அதாவது 1 கோடியே 53 லட்சத்து 60 ஆயிரம்! மெயின் பிராசஸர், ஸ்டேட் ஃபர்ஸ்ட் வாங்குற பையன் மாதிரி. எவ்வளவு கஷ்டமான கணக்கையும் போடுவான், ஆனா ஒருத்தனே உட்கார்ந்து போடணும். கிராஃபிக்ஸ் கார்டோ ஒரு முழு ஸ்கூல். சிம்பிளான ஒரே கணக்கை எல்லாரும் ஒரே நேரத்தில் போட்டு நீட்டிடுவாங்க. புள்ளிக் கணக்குக்கு இவங்கதானே லாயக்கு?

32 கார்டுகள் வாங்கினாங்க. மொத்த செலவு 12,768 டாலர். மாடல், ஃபேன் சத்தத்துக்காகவே கேம் பார்ட்டிகளிடம் ஏகத்துக்கும் கிண்டல் வாங்கின ‘ஜீஃபோர்ஸ் எஃப்எக்ஸ் 5800 அல்ட்ரா’! கார்டுக்கு நேரடியா புரோகிராம் எழுத வழி செய்த ‘கூடா’ வந்தது 2007-ல்தான் (பேர்தான் கூடா... அதில் எல்லாம் கூடும்!). 2004-ல் கார்டுக்குப் படம் வரைய மட்டும்தான் தெரியும். அதனால் செம தில்லாலங்கடி வேலை ஒண்ணு பண்ணினாங்க. ஒரு பிக்ஸலில் சிவப்பு, பச்சை, நீலம், ஒளி ஊடுருவும் அளவுனு நாலு எண்களுக்கு இடம் உண்டு. 19 எண்களையும் கலர்னு பொய் சொல்லி, அஞ்சு படங்களில் ஒளிச்சு வெச்சாங்க. ஒரு சீட் காலி! ‘ஒரு சதுரம் வரைப்பா’னு ஆர்டர் போட்டால், ஏதோ கேமில் சுவருக்கு பெயின்ட் அடிக்கிற நினைப்பில் கார்டு காற்றுக் கணக்கை முடிச்சுக் கொடுத்துடும்.

30 கார்டுகள் சேர்ந்து ஒரு ஸ்டெப்பை முடிக்க ஆன நேரம் 0.31 விநாடி. அதே கம்ப்யூட்டர்களின் பிராசஸரை வெச்சுப் போட்டதைவிட 4.6 மடங்கு வேகம். ‘ப்பூ... இவ்வளவுதானா?’னு கேட்காதீங்க. நூறு மடங்கு, இருநூறு மடங்குனு பீலா விடுறவங்களுக்கு நடுவில் இந்த 4.6 எனக்குப் பிடிச்சிருக்கு. கணக்கில் கார்டு சோடை போகலை, வழியில் டிராஃபிக் ஜாம்! ஒவ்வொரு கார்டிடமும் 80 x 80 x 80 புள்ளிகள் கொண்ட ஒரு துண்டு. ஓரத்தில் இருக்கிற காற்று, ஸ்டெப்புக்கு ஸ்டெப் பக்கத்து கார்டுக்குப் போயாகணும். அப்போதைய ஏ.ஜி.பி. ஸ்லாட்டில், கார்டுக்குள் போக நாலு வழிச்சாலை, வெளியே வர ஒத்தையடிப் பாதை. அதைத் தாண்டினால் நெட்வொர்க்கில் இன்னொரு க்யூ.

அந்த ஸ்லாட்டெல்லாம் காயலான் கடைக்குப் போய் ரொம்ப நாளாச்சு. 2022-ல், ஜெர்மனியின் பைராய்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மாரிட்ஸ் லேமன், ‘ஃப்ளூயிட்எக்ஸ்3டி’ங்கிற சாஃப்ட்வேரை வெளியிட்டார். இதுவும் அதே லாட்டிஸ் போல்ட்ஸ்மன்தான். வியாபார நோக்கம் இல்லாதவர்களுக்கு இலவசம். எண்களைச் சுருக்கி, ஒரு புள்ளியை வெறும் 55 பைட்டில் மடிச்சு வெச்சிடுறார். கால்குலேட்டரைத் தட்டிப் பார்த்தேன். அன்னிக்கு 30 கார்டுகள் பங்கு போட்டுச் சுமந்த டைம்ஸ் ஸ்கொயர் காற்று, இப்போ ஒரு ஜி.பி.க்குள் அடங்கிடுது. என் ரூம்மேட் ராத்திரி முழுக்க கார் ரேஸ் விடுற பழைய லேப்டாப் கார்டிலேயே 2 ஜி.பி. இருக்கு!