சிறு குழாய், பெருஞ்சேதம்

கோலாலம்பூரின் மஸ்ஜித் இந்தியா சாலை எந்நேரமும் பரபரப்பாகவே இருக்கும். அங்குள்ள பல கட்டடங்களின் கீழ்த்தளத்தில் துணிக்கடைகளும் உணவகங்களும் இயங்குகின்றன. மேல்மாடிகளில் மக்கள் குடியிருக்கின்றனர். இத்தகைய கட்டடத்தில் மேல்வீட்டுக் குழாய் ஒன்று வெடித்தால், சேதம் அந்த வீட்டோடு நின்றுவிடுவதில்லை. தரையில் தேங்கும் நீர் விரிசல்களின் வழியே இறங்கி, கீழே அடுக்கி வைத்துள்ள சேலைகளையும் நனைத்துவிடும்.

பெரும்பாலும் இச்சேதத்திற்குக் காரணமாவது சுவருக்குள் இருக்கும் பெரிய குழாயன்று. கைகழுவும் தொட்டி, கழிப்பறைத் தொட்டி, வெந்நீர்ச் சாதனம், சலவை இயந்திரம் ஆகியவற்றுக்கு நீரைக் கொண்டு செல்லும் வளையும் இணைப்புக் குழாயே ஆகும். சில ரிங்கிட் விலையுள்ள இக்குழாயிலிருந்து நிமிடத்திற்கு 10 லிட்டர் நீர் வெளியேறுவதாகக் கொள்வோம். காலையில் வேலைக்குச் சென்றவர் 8 மணி நேரம் கழித்துத் திரும்பும்போது 4,800 லிட்டர் நீர் கொட்டியிருக்கும். அதன் எடை ஏறக்குறைய ஐந்து டன்.

இணைப்புக் குழாயின் உட்பகுதி இரப்பரால் ஆனது. வெளியே பின்னப்பட்டிருக்கும் எஃகுக் கம்பிகள் அது வெடித்துவிடாமல் தாங்கிப் பிடிக்கின்றன. ஆண்டுகள் செல்லச் செல்ல இரப்பர் தன் நெகிழ்ச்சியை இழக்கிறது. தொட்டியின் அடியில் வைக்கப்படும் குளோரின் கலந்த துப்புரவுத் திரவத்தின் ஆவி, துருப்பிடிக்காத எஃகையும் அரிக்கவல்லது. கம்பிகள் அறுந்தால் அவ்விடத்தில் இரப்பர் புடைக்கக்கூடும். நீர்ப் பயன்பாடு குறையும் இரவு வேளையில் குழாயின் அழுத்தம் கூடுவதால், பலவீனமான குழாய் அப்போது வெடிக்கக்கூடும்.

நீர் விநியோகத் தடையின்போதும் கவனம் தேவை. 2020ஆம் ஆண்டு செப்டம்பரில் சுங்கை கோங் ஆறு மாசடைந்ததால், நான்கு நீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டன. கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒரு மில்லியனுக்கும் மேற்பட்ட பயனீட்டாளர் கணக்குகள் பாதிக்கப்பட்டன. இத்தகைய தடைக்குப் பின் நீர் திரும்பும்போது, குழாயில் அடைபட்ட காற்றும் நீரும் சேர்ந்து இணைப்புகளைத் தாக்கும். தடையின்போது திறந்து பார்த்துவிட்டு மூட மறந்த குழாயும் வீட்டைக் குளமாக்கிவிடும்.

இவற்றைத் தவிர்க்க என்ன செய்யலாம்? முதலாவதாக, வீட்டின் முதன்மை அடைப்பான் எங்குள்ளது என்பதைக் குடும்பத்தினர் அனைவரும் அறிந்திருக்க வேண்டும். நெடுநாள் திருப்பப்படாத அடைப்பான் இறுகிவிடும் என்பதால், ஆறு மாதத்திற்கு ஒருமுறை அதை மூடித் திறக்க வேண்டும். இரண்டாவதாக, மாதந்தோறும் இணைப்புக் குழாய்களில் துரு, புடைப்பு, ஈரம் ஆகியவை உள்ளனவா எனப் பார்க்க வேண்டும். குறை தென்படாவிட்டாலும் ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை அவற்றை மாற்றிவிடுவது பாதுகாப்பானது. மூன்றாவதாக, பண்டிகைக்கு வெளியூர் செல்லும்போது முதன்மை அடைப்பானை மூட வேண்டும்.

மறைந்திருக்கும் கசிவையும் எளிதில் கண்டறியலாம். எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு, நீர் மீட்டரின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரத்திற்குப் பின் அந்த எண் மாறியிருந்தால், எங்கோ நீர் கசிகிறது என்பது உறுதி. மீட்டருக்குப் பிறகு வீட்டுக்குள் வரும் குழாய்களைப் பராமரிப்பது வீட்டு உரிமையாளரின் பொறுப்பாகும்.

அடுக்குமாடி வீடுகளுக்கெனச் சட்டமும் வழிகாட்டுகிறது. 2015ஆம் ஆண்டு அடுக்குமாடி நிர்வாக விதிகளின்படி, ஒரு வீட்டின் மேற்கூரையில் ஈரம் தென்பட்டால், வேறுவிதமாக நிரூபிக்கப்படும் வரை, நேர் மேலே உள்ள வீட்டிலோ பொது இடத்திலோதான் பழுது உள்ளதாகக் கருதப்படும். புகார் கிடைத்த 7 நாளுக்குள் நிர்வாகம் சோதனை நடத்த வேண்டும். எனவே, அண்டை வீட்டாரோடு சண்டையிடுவதைவிட எழுத்து மூலம் புகார் அளிப்பதே முறை.

ஒருவேளை குழாய் வெடித்துவிட்டால், பதறாமல் அடைப்பானை மூடுங்கள். நீர் தேங்கிய இடத்தில் நின்றபடி மின் விசைகளைத் தொடாதீர்கள். கீழ்வீட்டாருக்கு உடனே தகவல் சொல்லுங்கள். நம் வீட்டின் தரை அவர்கள் வீட்டின் கூரை என்பதை மறக்கலாகாது. வருமுன் காக்க நாம் செலவிடும் சில நிமிடங்கள் இரு குடும்பங்களின் உடைமையைக் காக்கும்.