நிகண்டும் அகராதியும் தரவுத்தளச் சுட்டியும்

பொருளைச் சேர்த்து வைத்தல் வேறு. வேண்டியபொழுது அதனை எடுத்தல் வேறு. நம் முன்னோர் சொற்களைச் செய்யுளில் யாத்து நிகண்டுகளாகத் தொகுத்தனர். திவாகரம், பிங்கலம் முதலியன பெரும்பாலும் பொருள்வகையாற் பகுக்கப்பட்டவை. ஆதலின், பொருளறியாச் சொல்லொன்றைத் தேடுவோன், அஃது எத்தொகுதியில் உளதென அறியான். நூல் முழுவதும் மனப்பாடமாயிருந்தாலன்றி அவன் ஏடு முழுவதையும் புரட்டல் வேண்டும். 1732 ஆம் ஆண்டில் வீரமாமுனிவர் இயற்றிய சதுரகராதி இவ்விடர்ப்பாட்டை நீக்கியது. அது பெயர், பொருள், தொகை, தொடை என நால்வகைப்பட்டது. சொல்லை அறிந்தவன் ஒருவழியாலும், எதுகை தேடும் புலவன் பிறிதொரு வழியாலும் அதனுட் புகலாம். வினாவுக்கேற்ற வாயில் அமைத்தலே அதன் சிறப்பு.

இக்காலத்துக் கணினித் தரவுத்தளமும் இவ்வாயிலையே வேண்டி நிற்கின்றது. 1970 ஆம் ஆண்டில் எட்கர் கோட் என்பார் வகுத்த தொடர்புசார் தரவுத்தளத்தில் செய்திகள் நிரையும் நிரலுமாகிய அட்டவணைகளில் அமையும். பத்து இலட்சம் நிரைகளையுடைய பிறப்புப் பதிவேடு ஒன்று உளதெனக் கொள்வோம். அது பதிவெண் வரிசையில் உள்ளது. 2004 ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையிலும் போர்க்கால இடப்பெயர்வுகளிலும் நம் மாவட்டத்திற் பலர் சான்றிதழ்களை இழந்தனர். பாலையூற்றிலிருந்து அத்தகைய ஒருவர் வருகின்றார். தம் பிறந்த திகதியை அறிவார், பதிவெண்ணை அறியார். கணினி முதல் நிரையிலிருந்து கடைசி நிரை வரை ஒவ்வொன்றாய்ப் பார்த்தல் வேண்டும்.

பிறந்த திகதிகளை மட்டும் வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றும் எந்நிரையைக் குறிக்குமெனக் காட்டும் தனிப்பட்டியே சுட்டி எனப்படும் இன்டெக்ஸ். ரூடோல்ஃப் பேயர், எட்வர்ட் மக்கிரைட் என்னும் இருவர் 1972 இல் வெளியிட்ட கட்டுரையில் விளக்கிய பீ-மரம் என்னும் அமைப்பே இதற்குப் பெரிதும் அடிப்படையாயிற்று. அதன் ஒவ்வொரு கணுவும் நூறு கிளைகளாகப் பிரியுமாயின், மூன்று படிகளில் நூறு நூறாகப் பெருகிப் பத்து இலட்சத்தை எட்டும். பத்து இலட்சம் நிரைகளைப் பார்க்க வேண்டிய வேலை மூன்று படிகளிலும் இறுதியில் ஒரு நிரையிலும் முடிகின்றது.

சுட்டியின் வரிசைமுறையும் கருதற்பாலது. சூடாமணி நிகண்டின் பதினோராந் தொகுதி எதுகை வரிசையில், அதாவது சொல்லின் இரண்டாமெழுத்து முறையில் அமைந்தது. முதலெழுத்தை மட்டும் அறிந்தவனுக்கு அவ்வரிசை உதவாது. அவ்வாறே, பதிவுப் பிரிவை முன்னும் திகதியைப் பின்னுமாகக் கொண்டு இரு நிரல்களுக்கு ஒரு சுட்டி அமைப்பின், பிரிவை அறியாது திகதியை மட்டும் கொண்டு வருவோர்க்கு அது பெரிதும் பயன்படாது. எதனை முன்வைப்பது என்பதைத் தேடுவோர் அறிந்து வருவது எதுவோ அதுவே தீர்மானித்தல் வேண்டும்.

அங்ஙனமாயின் எல்லா நிரல்களுக்கும் சுட்டி அமைத்தலே நன்றன்றோ எனின், அன்று. சுட்டி இடத்தைக் கொள்ளும். புதிய நிரை சேருந்தோறும் ஒவ்வொரு சுட்டியையும் திருத்தல் வேண்டும். தேடுதல் விரையப் பதிதல் தாழ்க்கும். ஆண், பெண் என இரண்டே மதிப்புகளையுடைய நிரலுக்குச் சுட்டி அமைப்பினும் ஏறக்குறையப் பாதி நிரைகளைப் பார்த்தே தீரல் வேண்டும். அதனாற் பயன் சிறிது.

ஆகவே, எவ்வெவ் வினாக்கள் அடிக்கடி எழுகின்றன என ஆராய்ந்து, அவற்றிற்கேற்பச் சிலவே தேர்ந்தமைத்தல் அறிவுடைமை. பதிவேட்டில் ஒருவர் பெயர் இருந்தும் அகப்படாதாயின், அது இல்லாமைக்கு ஒப்பாகும். பதிவெண்ணை வினவித் திருப்பி அனுப்பாது, அவர் அறிந்ததைக் கொண்டே அவரைக் கண்டறியும் பதிவேடே மக்களுக்குரிய பதிவேடாம்.