ஆற்றுக்கு எல்லைக்கல் தெரியுமா?

ஐப்பசி பிறக்குமுன்பே வானகரத்துத் தோழர்கள் வானத்தைப் பார்க்கத் தொடங்கிவிடுகிறார்கள். திருவேற்காட்டைத் தாண்டி வரும் கூவம் இப்பக்கமாகத்தான் மதுரவாயலுக்குப் போகிறது. ஊராட்சி எது, மாநகராட்சி எது என்பது ஆற்றுக்குத் தெரியாது. அலுவலகங்களுக்கோ அது மட்டும் நன்றாகத் தெரிகிறது!

2011இல் மதுரவாயல் சென்னை மாநகராட்சியில் சேர்க்கப்பட்டது. ஒட்டிக்கிடக்கும் வானகரம் ஊராட்சியாகவே விடப்பட்டது. அங்கே வடிகால் அடைத்தால் 1913க்குச் சொல்லலாம். சில அடி மேற்கே அடைத்தால்? 2015 டிசம்பர் வெள்ளத்தில் மாநகராட்சியின் அம்மா உணவகங்கள் காசு வாங்காமல் சோறு போட்டன. நல்ல காரியம், குறை சொல்ல மாட்டோம். பசிக்கும் எல்லை வகுத்தது யார் என்றுதான் கேட்கிறோம்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குள் வெள்ளத்தைக் கொண்டுவந்தது. இயந்திரம் நனைந்த நட்டத்துக்குக் கணக்கு உண்டு. பட்டறை திறக்காத நாட்களில் கூலியிழந்த தோழனுக்கு எந்த ஏட்டில் கணக்கு?

ஊராட்சிகளில் அக்டோபர் 2ஆம் நாள் கிராம சபை கூடும். மழைக்குச் சற்று முன்னர். வெறுங்கையோடு போகாதீர், தோழர்களே! எந்தத் தெருவின் நீர் எந்த வாய்க்காலில் விழுகிறது, எல்லை தாண்டி எங்கே அடைபடுகிறது என்பதை நடந்து பார்த்து எழுதிக்கொண்டு போங்கள். மனுவின் நகல் ஒன்று பக்கத்து மண்டல அலுவலகத்துக்கும் போகட்டும்.

இரவில் நீர் ஏறினால் மாவட்டத்துக்கு 1077, மாநிலத்துக்கு 1070. படிப்பகத்துப் பலகையில் இன்றே எழுதி வையுங்கள், பெரிய எழுத்தில்.