தும்மினால் கசிகிறதா? தண்ணீரைக் குறைக்காதீங்க!

சென்னை தியாகராய நகர் ஜவுளிக்கடைகளில் நாள் முழுக்க நின்று வேலை பார்க்கும் பெண்கள் பலர், காலையில் வீட்டை விட்டுக் கிளம்பும்போதே தண்ணீரை நிறுத்தி விடுகிறார்கள்.

"குடிச்சா அடிக்கடி போகணும். சும்மா சும்மா போனா சூப்பர்வைசர் முறைப்பாருங்க!"

நாற்பதைத் தாண்டியவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. தும்மினால், இருமினால், துணிக்கட்டைத் தூக்கினால் சிறுநீர் கசிகிறது. வெளியே சொல்ல வெட்கம். புருஷனிடம்கூடச் சொல்வதில்லை. டாக்டரிடமா சொல்லப் போகிறார்கள்?

தண்ணீரைக் குறைத்தால் கசிவு நிற்கும் என்பது அவர்கள் போடும் கணக்கு. கணக்கு தப்பு!

பையில் எரிச்சல்

தண்ணீர் குறைந்தால் சிறுநீர் அடர் மஞ்சளாகிறது. அது சிறுநீர்ப்பையை உறுத்தும். பை நிறையும் முன்பே அவசரம் வரும். கிருமி தொற்றவும் வழியாகும்.

மலமும் கட்டிக்கொள்ளும். தினமும் முக்கி முக்கிப் போனால், பையைத் தாங்கி நிற்கும் தசை தளர்ந்துவிடும். கீரை, வாழைத்தண்டு, கொய்யாப்பழம் சாப்பிட்டு, தண்ணீரும் குடித்தால் இந்தத் தொல்லை குறையும்.

தண்ணீரை விட்டவர்கள் காபி, டீயை விடுவதில்லை. அதுதான் வேடிக்கை! அதில் உள்ள கஃபீன் பையைத் தூண்டிவிடும். நாலு டம்ளர் குடிப்பவர்கள் இரண்டாக்கிப் பார்க்கலாம். ஒரேயடியாக நிறுத்தினால் தலைவலி வரும். மெள்ள மெள்ளக் குறையுங்கள்.

எடை குறைந்தது, கசிவும் குறைந்தது

அமெரிக்காவில் உடல் பருத்த 338 பெண்களிடம் நடத்திய ஆய்வு 2009-ல் வெளியானது. உணவுக் கட்டுப்பாடு, உடற்பயிற்சி மூலம் ஆறு மாதத்தில் சராசரியாக 8 சதவீத எடை குறைத்தவர்களுக்குக் கசிவு 47 சதவீதம் குறைந்தது. வெறும் வகுப்பு மட்டும் கேட்டவர்களுக்கு 28 சதவீதம்தான். 70 கிலோ பெண்ணுக்கு 8 சதவீதம் என்பது ஐந்தரை கிலோ!

பஸ்சில் நின்றே செய்யலாம்

அமெரிக்க டாக்டர் ஆர்னால்டு கெகல் 1948-ல் எழுதிய பயிற்சி இது. சிறுநீரை அடக்குவதுபோல் தசையை உள்ளே இழுத்து, ஐந்து எண்ணி, விடவேண்டும். தடவைக்கு பத்து, நாளைக்கு மூன்று வேளை. பக்கத்தில் நிற்பவருக்கும் தெரியாது. சிறுநீர் கழிக்கும்போது மட்டும் செய்யாதீர்கள். பலன் தெரிய மூன்று மாதம்கூட ஆகலாம்.

கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தரவேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-ல் சட்டத் திருத்தம் வந்தது. நாற்காலி போட்ட முதலாளிகள், கழிவறைக்குப் போகிறவளைப் பார்த்துக் கடிகாரம் பார்க்காமல் இருந்தால் இன்னும் புண்ணியம்.

சிறுநீரில் ரத்தம், எரிச்சல், காய்ச்சல் இருந்தால் கைவைத்தியம் வேண்டாம். எழும்பூர் மகப்பேறு ஆஸ்பத்திரியிலும், திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரியிலும் பெண்கள் நோய்ப் பிரிவு இருக்கிறது. இரண்டுமே அரசு ஆஸ்பத்திரிகள்.