இசைத்தட்டுக்கு இரண்டு பொருத்தம்

(இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல், இயற்பியல்)

திருமணம் என்றால் நம் ஊரில் பத்துப் பொருத்தம் பார்ப்பார்கள். இயங்கு சுருள் கார்ட்ரிட்ஜ் கொண்டு இசைத்தட்டைக் கேட்க விரும்புகிறவர் இரண்டு பொருத்தம் பார்த்தால் போதும். ஒன்று முன்பெருக்கியின் பெருக்கம். மற்றொன்று அது கார்ட்ரிட்ஜின் மேல் ஏற்றும் மின்பளு. இவ்விரண்டையும் நாம் படித்த இயற்பியலின் துணையோடு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இப்பொருள் எதற்கு?

காவிரிக் கரையில் பிறந்த இசையில் ஒரு பெரும் பங்கு இசைத்தட்டுகளில்தான் தங்கியிருக்கிறது. திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளை 1956-இல் மறைந்தார். அவருடைய தோடியை இன்றும் நாம் கேட்க முடிகிறதென்றால் அதற்குக் காரணம் ஒலிப்பதிவே.

என் பெரியப்பா ஒரத்தநாடு பக்கத்தில் மைக் செட் வைத்திருந்தவர். அவரிடம் ஒரு தகரப்பெட்டி நிறைய நீண்டநேர இசைத்தட்டுகள் உள்ளன. நாதசுரம், தவில், கச்சேரி, திரைப்பாடல் எல்லாம் உண்டு. சிங்கப்பூரில் இருக்கும் அண்ணன் அண்மையில் ஒரு சுழல்மேடையும் இயங்கு சுருள் கார்ட்ரிட்ஜும் கொண்டுவந்து கொடுத்தார். "எல்லாத்தையும் ஒரு தடவை கம்ப்யூட்டர்ல ஏத்திடு தம்பி. அப்புறம் பெட்டியைப் பழைய சாமான் கடையில போட்டுடலாம்" என்கிறார் பெரியப்பா. பல வீடுகளில் இதே பேச்சுத்தான். பொருத்தம் பாராமல் ஏற்றிவிட்டுத் தட்டையும் விற்றுவிட்டால், பிழைபட்ட ஒலியே அடுத்த தலைமுறைக்கு மிஞ்சும்.

கால்வனாமீட்டரின் மறுபக்கம்

நம் ஆய்வுக்கூடத்து இயங்கு சுருள் கால்வனாமீட்டரை நினைவு கூர்வோம். காந்தப் புலத்தில் உள்ள சுருளில் மின்னோட்டம் பாய்ந்தால் சுருள் திரும்புகிறது. இயங்கு சுருள் கார்ட்ரிட்ஜில் நடப்பது இதன் மறுதலை. தட்டின் வரிப்பள்ளத்தில் ஓடும் ஊசி, ஒரு சிறு சுருளைக் காந்தப் புலத்தில் அசைக்கிறது. 1831-இல் ஃபாரடே கண்ட மின்காந்தத் தூண்டல் விதிப்படி சுருளில் மின்னழுத்தம் தோன்றுகிறது.

ஊசியோடு சேர்ந்து அசைவதால் சுருள் மிக இலேசாக இருக்க வேண்டும். ஆகவே சுற்றுகள் குறைவு, மின்னழுத்தமும் குறைவு. பழைய மைக் செட்டுகளின் கிரிஸ்டல் கார்ட்ரிட்ஜ் பல நூறு மில்லிவோல்ட் தந்தது. காந்தம் அசையும் வகை 3 முதல் 5 மில்லிவோல்ட் தரும். சுருள் அசையும் வகையோ பெரும்பாலும் 0.2 முதல் 0.5 மில்லிவோல்ட்தான். எடுத்துக்காட்டாக, ஜப்பானில் 1960-களில் என்.எச்.கே. வானொலி நிறுவனத்தின் தேவைக்காக உருவான டெனான் டி.எல். 103 கார்ட்ரிட்ஜின் வெளியீடு 0.3 மில்லிவோல்ட், சுருளின் மின்தடை 40 ஓம்.

முதற் பொருத்தம்: பெருக்கம்

காந்தம் அசையும் வகைக்கான முன்பெருக்கி சுமார் 100 மடங்கு, அதாவது 40 டெசிபெல் பெருக்கும். 4 மில்லிவோல்ட் 400 மில்லிவோல்ட் ஆகும். அதே முன்பெருக்கியில் டி.எல். 103-ஐ இணைத்தால் கிடைப்பது 30 மில்லிவோல்ட் மட்டுமே. ஒலி போதாதென்று அடுத்த பெருக்கியின் குமிழைத் திருகினால் இரைச்சலும் கூடவே வளரும். ஆகவே இதற்கு 1000 மடங்கு, அதாவது 60 டெசிபெல் வேண்டும்.

அப்படியானால் இன்னும் கூட்டினால் என்ன? தவிலை எண்ணிப் பாருங்கள். ஓங்கிய ஓர் அடி சராசரி ஒலியைப்போல் ஐந்து மடங்கு மின்னழுத்தம் தருவதாகக் கொள்வோம். 70 டெசிபெல் என்பது சுமார் 3,160 மடங்கு. 0.3 மில்லிவோல்ட் 0.95 வோல்ட் ஆகும், தவிலடியில் 4.7 வோல்ட் ஆகும். கணினியுடன் இணைக்கும் ஒலிக்கருவிகள் பல 2 வோல்ட் அளவிலேயே நிறைந்துவிடும். அதற்கு மேற்பட்ட அலையின் முகடுகள் வெட்டுப்படும். வெட்டுப்பட்ட முகட்டைப் பின்னர் எந்த வித்தையாலும் முழுமையாக மீட்க முடியாது.

இன்னொன்றும் உண்டு. தட்டில் தாழ்ந்த சுரங்களைக் குறைத்தும் உயர்ந்தவற்றைக் கூட்டியும் பதிவார்கள். 1954-இல் வகுக்கப்பட்ட ஆர்.ஐ.ஏ.ஏ. நெறிப்படி முன்பெருக்கி இதை நேர்செய்கிறது. அதனால் 50 ஹெர்ட்ஸ் அதிர்வெண், 1000 ஹெர்ட்சைவிட 7 மடங்கு மிகுதியாகப் பெருக்கப்படும். நம் வீட்டு மின்சாரத்தின் அதிர்வெண்ணும் 50 ஹெர்ட்ஸ்தான்! எனவே மண்ணிணைப்பும் உறையிட்ட கம்பியும் சரியாக இராவிட்டால் தம்புராவின் சுருதி ரீங்காரத்தில் மூழ்கும்.

இரண்டாம் பொருத்தம்: பளு

சிறு வாய்க்காலில் மடையை அகலத் திறந்தால் வாய்க்காலின் நீர்மட்டமே இறங்கிவிடும். முன்பெருக்கியின் உள்ளீட்டு மின்தடை இந்த மடையைப் போன்றது. 40 ஓம் சுருளுக்கு 40 ஓம் பளு கொடுத்தால் 0.3 மில்லிவோல்ட் பாதியாகி 0.15 ஆகும். 100 ஓம் என்றால் 0.21 கிடைக்கும். 400 ஓம் என்றால் 0.27 கிடைக்கும். சுருளின் மின்தடையைப்போல் பத்து மடங்கிலிருந்து தொடங்குவது வழக்கம். டி.எல். 103-க்கு 100 ஓமும் அதற்கு மேலும் ஏற்றவை.

காந்தம் அசையும் வகைக்கு 47,000 ஓம் என்று வைத்தார்களே, அது ஏன்? அதன் சுருளில் சுற்றுகள் மிகுதி. 0.5 ஹென்றி தூண்டலும் கம்பியின் 200 பிக்கோஃபாரட் மின்தேக்கமும் சேர்ந்தால் ஒத்ததிர்வு சுமார் 16,000 ஹெர்ட்சில், செவிக்கு எட்டும் எல்லையிலேயே அமைகிறது. இயங்கு சுருளின் தூண்டலை 50 மைக்ரோஹென்றி எனக் கொண்டால் அது 16 இலட்சம் ஹெர்ட்சுக்குப் போய்விடும். அது காதுக்குக் கேளாது. ஆயினும் தரங்குறைந்த முன்பெருக்கியை அது தடுமாறச் செய்து நாதசுரத்தின் ஓசையைக் கூர்மையாக்கலாம். தக்க பளு அந்த ஒத்ததிர்வைத் தணிக்கும்.

இரண்டும் ஒன்றையொன்று தொடரும்

சிலர் 1000 மடங்கு முன்பெருக்கிக்குப் பதிலாகச் சிறு மின்மாற்றியைப் பயன்படுத்துவர். 1:10 மின்மாற்றி மின்னழுத்தத்தைப் பத்து மடங்காக்கும். ஆனால் 47,000 ஓம் பளுவை நூறால் வகுத்து, சுருளுக்கு 470 ஓமாகக் காட்டும். வெளியீடு சுமார் 2.8 மில்லிவோல்ட். பேராசையால் 1:40 மின்மாற்றி வாங்கினால் பளு 29 ஓமாகச் சுருங்கிவிடும். வெளியீடு 5.1 மில்லிவோல்ட்தான். சுற்று விகிதம் நான்கு மடங்கு. பலனோ இரண்டு மடங்குகூட இல்லை!

எனவே முதலில் பளுவை முடிவு செய்க. அதன் பின் பெருக்கத்தை அமைக்க. பிறகு தட்டில் மிக ஓங்கி ஒலிக்கும் இடத்தை ஓடவிட்டு, கணினியின் அளவுமானி உச்சியைத் தொடாமல் பாதியளவில் நிற்கிறதா என்று பார்த்து, அதற்கப்புறமே பதிவைத் தொடங்குக. 78 சுற்றுத் தட்டுகளுக்குத் தடித்த ஊசி தனியே வேண்டும் என்பதையும் மறவற்க.

நண்பர்களே, எங்கள் வீட்டில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். ஆனால் நல்ல நாதசுரத்தை இனங்கண்டு கேட்டவர்களில் முதல் ஆள் நான் அல்லன். எழுதப் படிக்கத் தெரியாத என் தாத்தாவுக்கும் அந்தச் செவி இருந்தது. அவர் கேட்டதைக் குறையாமல் அடுத்தவர் கையில் சேர்க்க ஓமின் விதியும் சிறிது பொறுமையும் போதும். உங்கள் வீட்டுப் பரணிலும் இசைத்தட்டுகள் இருக்கலாம். ஏற்றிய பின்னும் அவற்றை விற்றுவிடாதீர்கள். நம்மைவிட நன்றாக ஏற்றத் தெரிந்தவர் நாளை வரக்கூடும்.